15 ஆயிரம் ரூபாயில் ஒரு கொல்லுப்பட்டறை
(அறக்கட்டளையின் தொழில் வழிகாட்டிக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

 

தொழில் தொடங்க வட்டியில்லாக் கடன் கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் மனுக்களில் இப்போது இரும்பு வேலையும் இடம் பெறுகிறது. மனுவோடு ஒரு பட்டியலையும் இணைத்து விடுகிறார்கள். மின்சாரச் சம்மட்டி, எரிவாயு உலை, வெல்டிங் மெஷின், கிரைண்டர், புதிய பட்டறைக்கல் என்று போய்க் கடைசியில் ஒரு லட்சத்தைத் தாண்டி நிற்கிறது. ஒருவருக்கு ஒரு லட்சம் கொடுத்தால் ஆறேழு குடும்பங்கள் காத்திருக்க வேண்டும். அதைவிடப் பெரிய கவலை, தொழில் கைக்கு வருமுன்னே தலையில் ஏறும் கடன். நாம் மறுத்தால் வட்டிக்காவது வாங்கிவிடலாம் என்ற எண்ணம் பிறக்கிறது. அடுப்பு எரிந்தாலும் எரியாவிட்டாலும் மாதத் தவணை வந்து வாசலில் நிற்கும். அப்படித் தொடங்கிய பட்டறையின் சாமான்கள் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

ஆகவே, வீட்டோடு ஒரு சிறிய கொல்லுப்பட்டறையை 15 ஆயிரம் ரூபாய்க்குள் எப்படி அமைக்கலாம் என்பதை இன்று விவரமாகச் சொல்ல விரும்புகிறோம். இதற்கு ஒரே அடிப்படைதான். முதல் கருவி சம்பாதித்துக் கொடுத்த பணத்தில் அடுத்த கருவி வர வேண்டும்.

இரும்புத் தொழில் நமக்கு அந்நியமானதன்று. தாவூத் நபி (அலை) அவர்களுக்கு இரும்பு இளக்கிக் கொடுக்கப்பட்டதையும், அவர்கள் கவசம் செய்ததையும் நம் பிள்ளைகள் மதரஸாவிலேயே படிக்கிறார்கள். குர்ஆனின் 57ஆவது அத்தியாயத்துக்கே இரும்பு என்றுதான் பெயர். கை கறுக்கும் தொழில் என்று யாரும் இதைத் தாழ்வாக நினைக்க வேண்டாம்.

வேலை எங்கே இருக்கிறது?

சாமான் வாங்குவதற்கு முன் வேலையைப் பாருங்கள். புதிய கத்தி செய்து விற்பது பிறகு வரும். தொடக்கத்தில் சோறு போடுவது பழுது வேலைதான். மழுங்கிய கடப்பாரையைக் காய்ச்சி முனை அடிப்பது, தேய்ந்த மண்வெட்டியைத் தட்டிக் கொடுப்பது, கதிர் அரிவாளுக்குப் பல் வெட்டுவது, கோடாலிக்கும் அரிவாள்மனைக்கும் பதம் ஏற்றுவது, களைக்கொத்துக்குக் காம்பு மாட்டுவது ஆகியவை ஒவ்வோர் ஊரிலும் உண்டு. கட்டட வேலைக்குப் போகிறவரின் உளியும் கடப்பாரையும் அடிக்கடி உலைக்கு வந்தாக வேண்டும். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய இரண்டு வாரங்களில் நம் தெருவிலேயே எத்தனை வீட்டுக் கத்திகள் சாணைக்குக் காத்திருக்கின்றன என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் ஊரைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்குள் எத்தனை பட்டறைகள் இருக்கின்றன, எத்தனை மூடிவிட்டன என்று முதலில் எழுதி வாருங்கள். மனுவில் நாங்கள் முதலில் படிப்பது அந்தத் தாளைத்தான்.

முதலில் ஓர் உஸ்தாது

15 ஆயிரத்தில் கருவி வாங்கலாம். கைப்பழக்கத்தை வாங்க முடியாது. நம் பகுதிகளில் இந்தத் தொழிலைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருகிறவர்கள் ஆசாரிமார்கள். அவர்களில் பலருடைய பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். வயதான கொல்லர் தனியாகத் துருத்தியும் ஊதி, சுத்தியலும் அடித்துக்கொண்டிருப்பார். அவரிடம் போய் மரியாதையாகக் கேட்டு, ஆறு மாதமாவது சம்மட்டி அடித்துப் பழகுங்கள். ஐயா என்று அழைத்துச் சொன்ன வேலையைச் செய்யுங்கள். இரும்பின் நிறம் பார்ப்பதும், எப்போது அடிப்பதை நிறுத்த வேண்டும் என்பதும் பக்கத்தில் நின்றால்தான் பிடிபடும்.

இன்னொன்றையும் சொல்லி விடுகிறோம். கற்றுக்கொடுத்தவர் பட்டறைக்கு எதிரிலேயே கடை போட்டு, அவர் வாங்கும் கூலியில் பாதிக்கு வேலை செய்வது ஹலாலான சம்பாத்தியத்துக்கு அழகல்ல. எந்த ஊர், எந்தத் தெரு, என்ன கூலி என்பதை அவரிடம் கலந்து பேசித் தொடங்குங்கள். அவருடைய மனநிறைவு உங்களுக்கு ஒரு முதல். அவர் ஓய்வு பெறும்போது அவருடைய வாடிக்கையாளரும், பல வேளைகளில் அவருடைய பட்டறைக்கல்லும் உங்களிடமே வரும்.

இடம்

எட்டடிக்குப் பத்தடி இடம் போதும். வீட்டுச் சுவரை ஒட்டாமல் கொல்லைப்புறத்தில் தள்ளி அமையுங்கள். ஓலையும் கீற்றும் கூடவே கூடாது. தகரக் கூரை போடுங்கள். இரண்டு பக்கமாவது திறந்திருக்க வேண்டும். கரி எரியும்போது வரும் நச்சுக் காற்றுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய அறையில் அது ஆளையே கொன்றுவிடும். அணையாத கரியைக் குளிருக்காகவோ மழைக்காகவோ வீட்டுக்குள் எடுத்து வைப்பதும் இதே காரணத்தால் ஆபத்து.

தரை மண்ணாகவே இருக்கட்டும். சிமென்ட் தரையில் சிவந்த இரும்பு விழுந்தால் சிமென்ட் வெடித்துச் சிதறக்கூடும். உலைக்கு நிழல் வேண்டும். வெயிலில் நின்றால் இரும்பின் நிறம் தெரியாது; இளஞ்சிவப்பு என்று எண்ணிக்கொண்டு இரும்பைக் கருக்கி விடுவீர்கள்.

அண்டை வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். மஃரிபுக்குப் பிறகு சுத்தியல் சத்தம் வேண்டாம். பட்டறைக்கல்லின் அடியில் மணல் பரப்பி, இடுப்பில் ஒரு பழைய சங்கிலியைச் சுற்றிக் கட்டினால் கணீர் என்ற ஓசை பெருமளவு அடங்கும்.

உலையும் கரியும்

கடையில் விற்கும் எரிவாயு உலை தேவையில்லை. பழைய வண்டிச் சக்கரத்தின் இரும்பு ரிம், அல்லது செங்கல்லால் கட்டிய ஒரு மேடை போதும். களிமண்ணும் மணலும் சம அளவு எடுத்து, கொஞ்சம் சாம்பலோ உமியோ சேர்த்துக் குழைத்து உள்ளே பூசுங்கள். நடுவில் ஒரு சாண் அகலமும் அரையடி ஆழமும் உள்ள குழி வேண்டும். காற்றுக்குழாய் பக்கவாட்டிலிருந்து குழியின் அடிப்பகுதிக்குச் சற்று மேலே வந்து முடியட்டும். பூச்சு நான்கு நாள் நிழலில் காய்ந்த பிறகு சிறு நெருப்பு மூட்டிச் சூடேற்றுங்கள். அவசரப்பட்டால் வெடித்துவிடும்.

குழாய் விஷயத்தில் கவனம் வேண்டும். தண்ணீர்க் குழாயாகப் பயன்படும் ஜி.ஐ. பைப்பில் துத்தநாகப் பூச்சு இருக்கிறது. அது சூடானால் எழும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தவருக்கு அன்றிரவே காய்ச்சலும் நடுக்கமும் வரும். பூச்சில்லாத கறுப்புக் குழாயைக் கேட்டு வாங்குங்கள்.

காற்றுக்குக் கையால் சுற்றும் ஊதியை நாங்கள் பரிந்துரைக்கிறோம். மின்சார ஊதி மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் நீங்கள் இரும்பை அடித்துக்கொண்டிருக்கும் நேரத்திலும் அது ஊதிக் கரியைத் தின்றுகொண்டே இருக்கும். கை ஊதி கையை எடுத்ததும் நின்றுவிடும். மின்சாரம் போனாலும் வேலை நிற்காது.

கரிக்கு நம் மாவட்டங்களில் பஞ்சமில்லை. இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கம் சீமைக் கருவேலத்தைச் சுட்டு எடுக்கும் மரக்கரி மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறது. நிலக்கரியில் கந்தகமும் புகையும் உண்டு. வீடுகள் நெருங்கிய தெருவுக்கு மரக்கரியே ஏற்றது. அது சீக்கிரம் எரிந்து தீரும், பொறியும் தெறிக்கும். ஆகவே குழியைச் சிறிதாகவே வைத்துக்கொள்ளுங்கள். இரும்பைக் காற்று வரும் வாய்க்கு நேரே வைக்காதீர்கள். அதற்கு மூன்று விரற்கடை மேலே, கரிக்கு நடுவே வைத்தால் ஒரே சீராகக் காயும்.

பட்டறைக்கல்

பட்டியல்களில் பெரும் பணத்தை விழுங்குவது பட்டறைக்கல்தான். வார்ப்பிரும்பில் செய்து பளபளவென்று சாயம் பூசிய புதுக் கல்லைக் கண்டு ஏமாற வேண்டாம். அதன் விளிம்பு உடையும், சுத்தியலும் எழும்பாது. சோதிக்க எளிய வழி உண்டு. ஒரு பேரிங் குண்டைப் பத்து அங்குல உயரத்திலிருந்து கல்லின் மேல் விடுங்கள். ஏழு எட்டு அங்குலம் திரும்ப எழும்பினால் நல்ல எஃகு. இரண்டு மூன்று அங்குலத்தோடு படுத்துவிட்டால் வாங்காதீர்கள்.

நம் பணத்துக்கு ஏற்றது தண்டவாளத் துண்டு. மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளத்தில் ஓர் அடி வெட்டினால் சுமார் 18 கிலோ இருக்கும். அதைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி நிறுத்துங்கள். அடி விழும் இடத்துக்கு நேர் கீழே முழு எடையும் நின்றால்தான் இரும்பு நகரும். ஆனால் ஒரு கண்டிப்பு. ரயில்வேச் சொத்தைச் சட்டவிரோதமாக வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஏலத்தில் எடுத்த வியாபாரியிடம் ரசீதோடு வாங்குங்கள். ரசீது கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள். லாரி அச்சின் முனையோ, பழைய இயந்திரத்தின் கனத்த எஃகுக் கட்டியோ அதே வேலையைச் செய்யும். மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கிய ஒரு துண்டு இரும்புக்காக நம் பிள்ளை காவல் நிலையத்தில் நிற்கக் கூடாது.

கல்லைப் பதிக்கப் புளியமரக் கட்டை நல்லது. இறைச்சிக் கடையில் எத்தனை வருடம் அடி தாங்குகிறது என்று பார்த்திருப்பீர்கள். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டு முஷ்டியை மடக்கினால் விரல் முட்டி எந்த உயரத்தில் இருக்கிறதோ அதுவே கல்லின் மேல்மட்டம். அதைவிடத் தாழ்ந்தால் முதுகு போகும். உயர்ந்தால் தோள் போகும்.

கைக்கருவிகள்

ஒரு கிலோ சுத்தியல் ஒன்று, மூன்று கிலோ சம்மட்டி ஒன்று. இரண்டும் பழையதாகவே சந்தையில் கிடைக்கும். புதுக் காம்பு மட்டும் போடுங்கள். சுத்தியல் முகத்தின் கூர்விளிம்பை அரத்தால் உருட்டிவிடுங்கள். இல்லையேல் ஒவ்வோர் அடியும் இரும்பில் வடுவாகப் பதியும். கனமான சுத்தியலால் வேலை சீக்கிரம் முடியும் என்று எண்ணி முழங்கை மூட்டைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

குறடு வாங்க வேண்டாம், செய்யுங்கள். முதல் மாதம் இரண்டடி நீளக் கம்பியில் வேலை பழகினால் ஒரு முனை சிவந்திருக்கும்போது மறு முனையைக் கையாலேயே பிடிக்கலாம். இரண்டாவது மாதம் 16 மில்லிமீட்டர் உருண்டைக் கம்பியில் முதல் குறட்டை நீங்களே அடியுங்கள். அது கோணலாக இருந்தாலும் பிடிக்கும். உளியையும் துளையாணியையும் பழைய ஸ்பிரிங் எஃகில் செய்துகொள்ளலாம். வைஸ் ஒன்றைப் பழையதாக வாங்கும்போது திருகின் மறையைத் திருகிப் பாருங்கள். வார்ப்பிரும்பு வைஸில் கவ்விய இரும்பைச் சம்மட்டியால் அடிக்கக் கூடாது, தாடை உடைந்துவிடும்.

எந்த இரும்பு?

லாரியின் பட்டை ஸ்பிரிங் நல்ல எஃகு. அரிவாளுக்கும் கத்திக்கும் உளிக்கும் ஏற்றது. வாங்கும்போது மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று துடைத்துப் பாருங்கள். கட்டடக் கம்பி கொக்கிக்கும் ஆணிக்கும் கொண்டிக்கும் போதும். வெட்டும் கருவிக்கு ஆகாது. எது எஃகு என்று தெரியாவிட்டால் ஒரு சிறு துண்டைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்து, துணியால் சுற்றி, வைஸில் கவ்வித் தட்டுங்கள். ஒடிந்தால் எஃகு, வளைந்தால் சாதா இரும்பு.

உத்தரப் பிரதேசத்து மீரட் நகரில் முஸ்லிம் கைவினைஞர் குடும்பங்கள் பல தலைமுறையாகப் பழைய வண்டி இரும்பிலிருந்து கத்தரிக்கோல் செய்து வருகிறார்கள். அந்தக் கத்தரிக்கோலுக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பிறர் கழித்துப் போட்ட இரும்பிலிருந்துதான் அந்தப் பெயர் வந்தது.

துத்தநாகம் பூசியதையும் பெயின்ட் அடித்ததையும் நெருப்பில் போடாதீர்கள். வண்டியின் ஷாக் அப்சார்பர், சிலிண்டர் போன்று வாய் மூடியவை உலையில் வெடிக்கும். இரும்பை ஒடுக்கினால் லாபம் வரும். உயிரைப் பணயம் வைத்தால் ஒன்றும் வராது.

தோய்ச்சல்

வெட்டும் கருவியின் பெயரே அதன் தோய்ச்சலில் இருக்கிறது. வெப்பமானி வேண்டாம், நூலில் கட்டிய ஒரு காந்தம் போதும். எஃகு சுமார் 770 டிகிரி சூடானதும் காந்தம் ஒட்டாது. அதற்குச் சற்று மேலே சூடேற்றி எடுங்கள். பட்டை ஸ்பிரிங் எஃகைத் தண்ணீரில் தோய்த்தால் கீறல் விழலாம். வெதுவெதுப்பான சமையல் எண்ணெயில் தோயுங்கள். எண்ணெயை இரும்பு மூடியுள்ள தகர டின்னில் வையுங்கள்; தீப்பற்றினால் மூடியைப் போட்டால் அணைந்துவிடும். எரியும் எண்ணெயில் தண்ணீர் ஊற்றவே கூடாது.

தோய்த்த எஃகு கண்ணாடி மாதிரி ஒடியும். வாயோரத்தை வெள்ளையாகத் தேய்த்து, முதுகுப் பக்கமிருந்து மெல்லச் சூடேற்றினால் நிறம் ஓடி வருவதைக் காணலாம். கத்திக்கு வைக்கோல் மஞ்சள், கோடாலிக்குக் கத்திரிப்பூ நிறம் வரும்போது நிறுத்துங்கள். நீலம் வந்தால் ஸ்பிரிங் போல மீளும், கூர் நிற்காது.

குறைக்கக் கூடாத செலவு

மற்ற எல்லாவற்றிலும் பழையதை வாங்கச் சொன்னோம். கண்ணுக்கும் காலுக்கும் புதியதையே வாங்குங்கள். பக்கவாட்டும் மறைத்த கண்ணாடி, தோல் பூட்ஸ், தோல் ஏப்ரன், பருத்தித் துணி. பாலியஸ்டர் உடை தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். கைலியும் செருப்புமாக உலைக்கு முன் நிற்காதீர்கள். ஈரமான கையுறையால் சூட்டு இரும்பைப் பிடித்தால் ஆவியே கையை வேகவைத்துவிடும். ஒரு வாளி மணலும் ஒரு வாளி தண்ணீரும் எப்போதும் எட்டும் தூரத்தில் இருக்கட்டும். சுட்டுவிட்டால் பேஸ்ட்டோ மையோ தடவாமல் 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டி, மருத்துவரிடம் போங்கள். சிறு பிள்ளைகள் வராமலிருக்கத் தடுப்புக் கதவு போடுவது தாய்மார்களின் பொறுப்பென்று விட்டுவிடாமல், பட்டறைக்காரரே செய்ய வேண்டிய முதல் வேலை.

கணக்கு

விலை ஊருக்கு ஊர் மாறும். நாங்கள் வகுத்திருப்பது ஒவ்வொன்றுக்கும் உச்சவரம்பு:

பட்டறைக்கல்லும் கட்டையும் – ரூ. 2,500
கை ஊதி – ரூ. 3,000
உலைக்கு ரிம், குழாய், மண் – ரூ. 1,000
சுத்தியல், சம்மட்டி, குறட்டுக் கம்பி – ரூ. 1,500
பழைய வைஸ் – ரூ. 2,500
அரங்கள், வாள், அளவுகோல் – ரூ. 1,000
பாதுகாப்புச் சாமான் – ரூ. 2,000
முதல் கரியும் இரும்பும் – ரூ. 1,500
ஆக மொத்தம் – ரூ. 15,000

கூரை இருக்கும் இடத்துக்குத்தான் இந்தக் கணக்கு. தொகையை நாங்கள் கையில் தருவதில்லை; சாமானாக வாங்கித் தருகிறோம். முதல் மூன்று மாதம் தவணை கிடையாது. பிறகு மாதம் ஆயிரம் வீதம் 15 மாதத்தில் அசல் மட்டும் திரும்ப வேண்டும். அது திரும்பினால்தான் அடுத்த வீட்டில் அடுப்பு எரியும். ஆகவே தினமும் கரி, இரும்பு, கூலி மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். வீட்டில் கணக்குத் தெரிந்த சகோதரியிடம் அந்த நோட்டை ஒப்படைப்பது நல்லது. கிரைண்டரும் வெல்டிங்கும் பட்டறை சம்பாதித்துக் கொடுத்த பிறகு வரட்டும். அவற்றை மாட்டுமுன் வீட்டு மின் இணைப்பில் தொழில் செய்யலாமா என்று மின்வாரிய அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை. திருப்பாச்சேத்தி அரிவாளின் பெயர் தமிழ்நாடு முழுக்கத் தெரியும். அதைப் பிடித்து மரம் வெட்டியவனும் உண்டு, மனிதனை வெட்டியவனும் உண்டு. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் அல்லாமல் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளை ஆயுதச் சட்ட விதிகள் ஆயுதமாகவே வகைப்படுத்துகின்றன. தெரியாதவர் வந்து வீச்சரிவாள் கேட்டால், எவ்வளவு பணம் கொடுத்தாலும் மறுத்துவிடுங்கள். விற்கும் ஒவ்வோர் அரிவாளுக்கும் வாங்கியவர் பெயரையும் ஊரையும் எழுதி வையுங்கள். அந்தச் சம்பாத்தியம் நம் பிள்ளைகளின் தட்டில் விழுகிறது. அதில் யாருடைய இரத்தமும் இருக்கக் கூடாது.

மனுப் படிவம் அலுவலகத்தில் அஸர் தொழுகைக்குப் பின் கிடைக்கும். படிவத்தோடு இரண்டு தாள்கள் வேண்டும். ஒன்று, உங்கள் பகுதிப் பட்டறைகளின் விவரம். மற்றொன்று, ஆறு மாதம் உங்களை நிற்க வைத்துப் பழக்கிய கொல்லரின் சம்மதம். இந்த இரண்டும் இருந்தால் மற்றதை நாம் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.